டெல்பின் எங்கே நிற்க வேண்டும்

சிப்பித்துறைக் கால்பந்து மைதானம் முதன்முதலாகச் சாய்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் இரண்டேகால் மணிக்கு. அப்போது அங்கே நின்றவர்கள் பெண்கள் அணிக்காரிகள் பதினான்கு பேரும் அவர்களுடைய கோச் பெர்க்மான்ஸும் மட்டும்தான். ஏனென்றால் விடிந்ததிலிருந்து இரண்டு மணிவரைக்கும் அந்த மைதானம் கருவாடு காயப்போடுகிறவர்களுக்கு, மூன்றரை மணியிலிருந்து இருட்டுகிறவரைக்கும் ஆண்கள் அணிக்கு, நடுவில் மிஞ்சிக் கிடந்த, மணல் செருப்பைத் தாண்டிச் சுடுகிற அந்த ஒன்றரை மணி நேரம் பெண்களுக்கு என்று புனித யாகப்பர் கால்பந்துக் கழகம் தீர்மானம் போட்டிருந்தது, போட்டுவிட்டு அதைப் பெருந்தன்மை என்றும் சொல்லிக்கொண்டிருந்தது.

டெல்பின் இடப்பக்கமாக இரண்டு பேரை வெட்டிக்கொண்டு ஓடிப் பந்தை முன்னால் தட்டிவிட்டாள். மணலில் பத்தடி போனதும் சோர்ந்து நிற்கிற பந்து அன்றைக்கு நிற்கவில்லை, அது பாட்டுக்கு உருண்டது, அதன் பின்னாலேயே தண்ணீர் பாட்டில் உருண்டது, கழற்றிப் போட்டிருந்த செருப்புகள் சறுக்கின, கோச்சின் விசில் சறுக்கியது, காலையில் பொறுக்காமல் விட்டுப்போன ஒரு சாளைக் கருவாடும் சறுக்கியது, எல்லாமாக ஊர்வலம் போல இடது மூலைக்குப் போய்ச் சேர்ந்தன. எல்லோரும் திரும்பிப் பார்க்கும்போது அந்த மூலையில் டெல்பின் பந்தின்மேல் ஒரு காலை வைத்துக்கொண்டு நின்றாள். பெர்க்மான்ஸ் முதலில் கடலைப் பார்த்தார். கடல் இருந்த இடத்தில்தான் இருந்தது. அவர் போய்த் தன் செருப்பை எடுத்து மாட்டிக்கொண்டு, சரி, அடுத்த ரவுண்டு ஓடுங்க என்றார்.

புதன்கிழமை வலது மூலைக்குச் சாய்ந்தது, வியாழக்கிழமை வடக்குக் கோலுக்குச் சாய்ந்தது, வெள்ளிக்கிழமை ஒரே ஆட்டத்தில் நாலு பக்கமும் மாறி மாறிச் சாய்ந்தது, திரும்பிப் பார்த்தபோதெல்லாம் சரிவின் அடியில் டெல்பின் நின்றாள். ஆகவே சனிக்கிழமை ஊர் ஒரு முடிவுக்கு வந்தது: டெல்பின் எங்கே நிற்கிறாளோ அந்தப் பக்கம் மைதானம் சாய்கிறது. சாய்வு பெரிதில்லை. ஒரு நெற்றுத் தேங்காயை வைத்தால் தானாக உருளும், நிற்கிற ஆள் விழமாட்டான், அவ்வளவுதான். ஏன் சாய்கிறது என்று யாரும் இரண்டாம் தடவை கேட்கவில்லை. நேற்று இருந்த கரை இன்று இல்லாமல் போவதைப் பார்த்தே வளர்ந்தவர்களுக்கு, ஒரு பெண்ணுக்காக மண் ஒரு சாண் இறங்கிக் கொடுத்ததில் வாய் பிளக்க ஒன்றும் இருக்கவில்லை.

கொத்தனார் ஒருவர் ரசமட்டத்தைக் கொண்டுவந்து மணலில் வைத்து, குமிழி ஓடுவதைப் பார்த்து, நல்ல வாட்டம், மொட்டைமாடிக்கு நாங்கள் விடுவதும் இதே வாட்டம்தான் என்று பாராட்டிவிட்டுப் போனார். மைதானத்தை ஒட்டி டீக்கடை வைத்திருந்த ஆண்ட்ரூஸ் பெண்கள் ஆடுகிற நேரத்தில் மட்டும் கிளாஸில் முக்கால்தான் ஊற்றினார், குடிக்க வந்தவர்களும் கிளாஸைச் சற்றே சாய்த்துப் பிடித்துக் குடிக்கப் பழகினார்கள். கருவாட்டுக்காரப் பெண்கள் டெல்பின் வீட்டுக்கு வந்து, காலையில் ஒரு மணி நேரம் கிழக்கு ஓரத்தில் வந்து நில்லு பிள்ளே, நெத்திலி வெயிலுக்கு முகம் காட்டிச் சாய்ந்தால் ஒருநாள் முன்னாடியே காய்ந்துவிடும் என்று கேட்டார்கள்; அவளும் அரசியல் அறிவியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு போய் நின்றாள். ஐப்பசி மழையில் மைதானம் குளமானபோது பங்குச் சாமியாரே குடை பிடித்துக்கொண்டு வந்து அவளைத் தெற்கு மூலையில் நிறுத்தினார், எப்போது வடியும், எப்போது வீட்டுக்குப் போகலாம் என்று தண்ணீரையே பார்த்துக்கொண்டு அவள் நிற்க, அது அவள் கணுக்காலைச் சுற்றிக்கொண்டு கடலுக்கு இறங்கியது. ஒரே ஒருநாள் மட்டும் தண்ணீர் சொன்னபடி கேட்கவில்லை. அவள் தெற்கு மூலையில் நின்றிருக்க, அது வடக்கே பஸ் ஸ்டாப்பை நோக்கி ஓடி, அங்கே நின்றவர்களின் முழங்காலை நனைத்தது. அன்றைக்கு அவளுக்கு நாகர்கோவில் கல்லூரியில் செமஸ்டர் பரீட்சை. ஊர் அதற்குக் கடல்காற்றைக் காரணம் சொல்லிவிட்டு மறந்துபோனது.

மற்ற ஊர் அணிகள் சும்மா இருக்கவில்லை, மாவட்டக் கமிட்டிக்குப் புகார் எழுதினார்கள். கமிட்டி மூன்று நாள் விதிப்புத்தகத்தைப் புரட்டி, ஒரு ஆட்டக்காரியை முன்னிட்டு மைதானம் சாய்ந்தால் என்ன செய்வது என்று அதில் ஒரு வரியும் இல்லை, தவிரவும் சரிவில் இரண்டு அணிகளும்தான் நிற்கின்றன, ஆகவே ஆட்டத்தைத் தொடரலாம் என்று பதில் அனுப்பியது. அத்தோடு மாயத்தின் பிரச்சினை முடிந்தது. நிஜமான பிரச்சினை தொடங்கியது, அது, டெல்பினை எங்கே நிறுத்துவது என்பது.

இந்த விஷயத்தில் சிப்பித்துறையில் மீசை முளைத்த ஒவ்வொருவருக்கும் ஒரு அபிப்பிராயம் இருந்தது. அவளுக்கு இடதுகால் பலம், ஆகவே இடது விங்கில் நிற்கட்டும் என்றார் ஆண்ட்ரூஸ். இடதுகால் பலம் என்பதால்தான் வலது விங்கில் நிறுத்த வேண்டும், அங்கிருந்து உள்ளே வெட்டி வந்து அடிக்கலாம் என்றார் அவருடைய மைத்துனர், இதனால் இரண்டு பேரும் ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லை. ஐஸ் பிளாண்டில் வேலை பார்க்கிறவர், முன்னால் ஒருத்தியை விட்டு அவளுக்குப் பின்னால் இவளை மறைத்து வை என்றார். பழைய பேக் ஆட்டக்காரர் ஒருவர் தற்காப்பில் நிறுத்தச் சொன்னார், அப்படி நிறுத்தினால் பந்து நம்முடைய கோலுக்கல்லவா உருளும் என்று யாரோ நினைவுபடுத்தியதும் எழுந்து போய்விட்டார். டீக்கடை மேசையில் கிளாஸ்கள் எதிரணியாகவும் பட்டர் பிஸ்கட்டுகள் நம் அணியாகவும் ஒரே ஒரு உப்பு பிஸ்கட் டெல்பினாகவும் இடம் மாறி இடம் மாறி நகர்த்தப்பட்டன. அவள் கால்வேகம், அவள் எடை, அவள் பந்தைத் தொடுகிற பாதத்தின் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அலசப்பட்டது. ஒரு மனுஷி எங்கே நின்றால் நன்றாக ஆடுவாள் என்று முப்பது பேர் முப்பது நாள் பேசினார்கள், அந்த மனுஷி தினமும் அதே கடையைத் தாண்டித்தான் பஸ்ஸுக்குப் போனாள்.

ஒருநாள் அவள் நின்றாள். கல்லூரிப் பேச்சுமேடையில் எதிராளியைக் கண்ணீர் விட வைத்தவள் என்று அவளுக்குப் பெயர், ஆனால் ஊருக்குள் வாயைத் திறந்தால் சின்னப்பிள்ளை.

"அந்த பிஸ்கட்டுகிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா மாமா?"

"பிஸ்கட்டு வாயத் தொறந்தா நான் கடை நடத்தணுமா, கோர்ட்டு நடத்தணுமாட்டி?" என்றார் ஆண்ட்ரூஸ். கடை முழுக்கச் சிரித்தது. டெல்பின் உப்பு பிஸ்கட்டை எடுத்துக் கடித்துத் தின்றுகொண்டே பஸ் ஏறினாள்.

கடைசியில் முடிவு செய்தவர் பெர்க்மான்ஸ். அவர் நல்லவர், தன் காலத்தில் மாவட்டத்துக்கு ஆடியவர், டெல்பினுக்கு எட்டு வயதிலேயே கால்வாகு பார்த்து அணிக்குள் கொண்டுவந்தவர்; ஆனால் அவர் கரமடி இழுக்கிற மனிதர், எதைப் பார்த்தாலும் அவர் கண்ணுக்கு வலையாகத்தான் தெரியும். கரமடி என்றால், கடலுக்குள் வளைத்துப் போட்ட வலையின் இரண்டு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு கூட்டமாக நின்று இழுப்பார்கள், நடுவில் பை போல இருப்பது மடி, இரண்டு பக்கமும் நெருக்க நெருக்க மீன் எல்லாம் அந்த மடிக்குள் வந்து விழும். பெர்க்மான்ஸ் மணலில் குச்சியால் படம் போட்டார். இடது விங் வடகயிறு, வலது விங் தென்கயிறு, டெல்பின் மடி. எதிரணியின் கோலுக்கு முன்னால், ஆஃப்சைடுக்கு ஒரு முழம் இப்பால் அவள் நிற்க வேண்டும், மைதானம் அவளை நோக்கிச் சாயும், பந்து வந்து விழும், காலைத் தூக்கினால் கோல். அவள் செய்ய வேண்டியது ஒன்றுதான், நகராமல் இருக்க வேண்டும்.

மடி நகராதா, கரைக்கு இழுத்துக் கொண்டுவந்து அவிழ்த்துக் கொட்டுவதில்லையா என்று டெல்பின் கேட்டாள். இழுக்கிறவன் இழுத்தால் வரும், அது தானாக வராது மக்கா என்றார் பெர்க்மான்ஸ். அதைத்தான் நானும் சொல்லுதேன் என்றாள் அவள். அவருக்கு அது புரியவில்லை.

பலித்தது என்பதுதான் கொடுமை. அந்த வருஷ லீக்கில் ஏழு ஆட்டம், ஏழிலும் வெற்றி, டெல்பின் மட்டும் பத்தொன்பது கோல். எதிரணிக்காரிகள் சரிவில் கால் வழுக்கித் தடுமாறுவார்கள், பந்து தேடிக்கொண்டு வந்து அவள் காலில் முட்டும், அவள் தள்ளிவிடுவாள். ஊர் கைதட்டியது. அவளுக்கோ பந்தோடு ஓடி எத்தனை நாளாயிற்று என்று இருந்தது. தோளை இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் போகிற அந்த அரை நொடி ஏமாற்று, ஓடுகிற ஓட்டத்தில் குதிகாலால் பந்தைப் பின்னால் விடுவது, இரண்டு பேருக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற இடைவெளி திறக்கிற கணம், இதெல்லாம் காலுக்குள் கிடந்து அரித்தன. அஞ்சல்பெட்டியும் நிற்கத்தான் செய்கிறது, அதற்குள்ளும் வந்து விழத்தான் செய்கிறது, அதற்கு யாரும் ஆட்டக்காரி என்று பேர் வைக்கவில்லை என்று அவள் பெர்க்மான்ஸிடம் சண்டை போட்டாள். ஜெயிக்கும்போது வலையை மாற்றக் கூடாது என்றார் அவர்.

சண்டையை அவள் அதற்குமேல் வளர்க்கவில்லை, காரணம் இருந்தது. இறுதியாட்டத்துக்கு ஒரு வாரம் முன்பு கழகத் தலைவர் ததேயூஸ் கூட்டம் கூட்டி, பெண்கள் கோப்பையோடு வந்தால் பெண்கள் அணி இருக்கும், வராவிட்டால் அணியைக் கலைத்துவிட்டு அந்த ஒன்றரை மணி நேரத்தைப் பதினான்கு வயதுக்குட்பட்ட பையன்களுக்குக் கொடுத்துவிடலாம் என்று தீர்மானம் நிறைவேற்றினார். ஆண்கள் அணி ஒன்பது வருஷமாக ஒரு கோப்பையும் கொண்டுவரவில்லையே, அவர்களை யார் கலைத்தது என்று டெல்பின் எழுந்து கேட்டாள். அவங்க விளையாடுறது வேற என்றார் தலைவர். என்ன வேற என்று கேட்டாள். தலைவர் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பை அவள் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள். பதினான்கு பேருக்கு அந்த ஒன்றரை மணி நேரம் என்னவென்று அவளுக்குத் தெரியும். வெயிலில் காலில் கொப்புளம் வெடித்தாலும், யாருக்கும் தண்ணீர் எடுத்துக் கொடுக்காத, யாரும் கூப்பிடாத ஒன்றரை மணி நேரம் அவர்களுக்கு நாளில் அது ஒன்றுதான் இருந்தது.

இறுதியாட்டம் நகரத்தில், புல் போட்ட மைதானத்தில். சிப்பித்துறையிலிருந்து நான்கு பஸ் போயிற்று. எதிரணி ஆனைக்கல் எஸ்டேட், மலையோர ரப்பர் தோட்டத்துப் பெண்கள், தலைவி பிரபாவதி. அவர்களைப் பற்றிச் சிப்பித்துறையில் ஒருவரும் விசாரிக்கவில்லை. சரிவு நம் கையில் இருக்கும்போது எதிரில் யார் நின்றால் என்ன என்று இருந்துவிட்டார்கள்.

அங்கேதான் பிசகியது. ஆனைக்கல் பெண்கள் பிறந்து விழுந்ததே சரிவில், அவர்கள் நடக்கப் பழகியது சரிவில், அவர்களுடைய மைதானம் என்பதே மலையின் இடுப்பில் வெட்டிய ஒரு சாய்வான துண்டு நிலம், பந்தைத் தவறவிட்டால் ஆற்றுக்குள் இறங்கித்தான் எடுத்துவர வேண்டும், ஆகவே அவர்கள் தவறவிடுவதில்லை. சமதளத்தில்தான் அவர்களுக்கு ஆட்டம் வராது. விசில் ஊதியதும் டெல்பின் தன் இடத்தில் போய் நிற்க, புல்வெளி மெல்லச் சாய, கேலரியில் ஆண்ட்ரூஸ் எழுந்து கைதட்ட, ஆனைக்கல் பெண்களின் முகத்தில் வீட்டுக்கு வந்த நிம்மதி படர்ந்தது. நாலு பேர் டெல்பினைச் சுற்றிக் கால் பெருவிரலை ஊன்றிக்கொண்டு நின்றார்கள், உருண்டு வந்த பந்தையெல்லாம் அவள் தொடுவதற்கு முன்னால் எடுத்தார்கள், எடுத்து மேட்டுக்குச் சிறுசிறு பாஸாகக் கொண்டுபோனார்கள், தலையில் ரப்பர்ப்பால் வாளியோடு மலையேறுகிறவர்களுக்கு வெறுங்கையோடு ஏறுவது ஒரு வேலையா? சிப்பித்துறைப் பெண்கள் மேட்டில் மூச்சிரைத்துப் பின்தங்கினார்கள். இருபதாவது நிமிஷம் ஒரு கோல். முப்பத்தெட்டாவது நிமிஷம் இன்னொன்று. டெல்பின் அந்த முதல் பாதியில் பந்தைத் தொட்டது மூன்று தடவை.

ஹாஃப் டைமில் ஊரே மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. இன்னும் நாலடி முன்னால் நில்லு என்றார் பெர்க்மான்ஸ். இடது விங்குக்குப் போ, நான் அப்பவே சொன்னேன் என்றார் ஆண்ட்ரூஸ், வலது என்றார் மைத்துனர். தலைவர் ததேயூஸ் பெஞ்சில் உட்கார்ந்து, தீர்மானம் தீர்மானம்தான் என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தது அவள் காதில் விழுந்தது. டெல்பின், எதிரணியின் வலது பேக் முதல் பாதி முழுக்க முன்னேறி ஏறிப் போய், திரும்பி வர மறந்துபோன அந்த வெறும் புல்லைப் பார்த்துக்கொண்டிருந்தாள், இருபது அடி அகலத்தில் ஆளே இல்லாமல் கிடந்த பச்சை.

அப்போது ஆரஞ்சுச் சாக்கு சரிந்தது. ஆட்டக்காரிகளுக்கென்று வாங்கிவந்த ஆரஞ்சுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வந்து, டெல்பினின் காலடியைத் தாண்டி, பெர்க்மான்ஸின் செருப்பைத் தாண்டி, மைதானத்துக்குள் இறங்கி உருண்டு போயின. ஆண்கள் எல்லோரும் அவற்றின் பின்னால் ஓடினார்கள். மெற்றில்டா மட்டும் ஓடவில்லை. மெற்றில்டா வலது பேக், கருவாட்டுக் கொட்டகையில் வேலை, மூன்று வயதில் ஒரு மகள். ஆறு வருஷமாக அணியில் இருக்கிறாள், ஆறு வருஷமாக நடுக்கோட்டைத் தாண்டியதில்லை, பேக் தாண்டக் கூடாது என்று ஒருதரம் சொன்னார்கள், அவள் தாண்டவில்லை. வாயும் அப்படித்தான், அளந்து திறக்கிறவள்.

"எட்டி டெல்பினு," என்றாள் மெற்றில்டா, "ஆரஞ்சு ஒங்கிட்ட வரலியே."

"வரல."

"நீ பாத்த எடத்துக்குல்லா போவுது."

டெல்பின் ஆரஞ்சுகளைப் பார்த்தாள். ஆளில்லாத அந்தப் பச்சையின் நடுவில் அவை போய் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நின்றிருந்தன. அவளுக்கு எல்லாம் ஒரே மூச்சில் விளங்கிற்று, விளங்கியதும் முதலில் வந்தது கோபம்தான், ஏழு மாதமாக ஒரு ஊரே தப்பாகப் பார்த்திருக்கிறது, அதில் நாமும் சேர்ந்து பார்த்திருக்கிறோம் என்ற கோபம். அவள் பெர்க்மான்ஸைக் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"மாமா, பரீட்சை அன்னைக்கு மழைத்தண்ணி எங்க ஓடிச்சு?"

"பஸ் ஸ்டாப்புக்கு. இப்ப அது என்னத்துக்கு?"

"நான் எங்க நின்னேன்?"

"தெக்கு மூலையில."

"எங்க போவணும்னு நின்னேன்?"

பெர்க்மான்ஸ் வலைக்காரர், ஆனால் மடையர் இல்லை. முதல் செவ்வாய்க்கிழமை இடது மூலைக்கு அவள் ஓடியதும், எல்லோரும் திரும்பிப் பார்ப்பதற்குள் அவள் அங்கே போய்ச் சேர்ந்திருந்ததும், அவள் வேகத்தால் ஏற்பட்ட ஏமாற்று அது என்பதும் அவர் முகத்தில் வரிசையாக வந்து போயின. பிறகு நிற்க வைத்தார்கள், நின்றவள் பந்து தன் காலுக்கு வந்து தொலையட்டும் என்றுதான் நினைத்தாள், அதுவும் வந்து தொலைந்தது. மைதானம் ஒருநாளும் அவள் நின்ற இடத்துக்காகச் சாயவில்லை. அவள் மனசு போன இடத்துக்குச் சாய்ந்தது. அவளிடம் ஒரு கேள்வி கேட்டிருந்தால் ஏழு மாதத்துக்கு முன்னாலேயே தெரிந்திருக்கும், அந்தக் கேள்வியைக் கேட்க ஊரில் ஒரு ஆண்பிள்ளைக்கும் தோன்றவில்லை.

"அப்போ இனி எங்க நிக்கப் போற?" என்றார் பெர்க்மான்ஸ்.

"நிக்கல."

அது எந்தப் பொசிஷன் என்று பின்னாலிருந்து தலைவர் கேட்டார். விசில் ஊதிவிட்டது.

இரண்டாம் பாதியில் டெல்பின் எதிரணியின் நடுவரிசைக்கும் பின்வரிசைக்கும் இடையில், இவளைப் பிடிப்பது யாருடைய வேலை என்று இரண்டு வரிசையும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்கிற இடத்தில் போய் நடமாடினாள். பந்து வந்தது. அவள் இடது மூலைக்குப் போக நினைத்தாள், புல் இடப்பக்கம் இறங்கியது, ஆனைக்கல் பெண்கள் சரிவைக் காலால் படித்துக்கொண்டு மான்கள் மாதிரி இடப்பக்கம் இறங்கினார்கள், பாதி வழியில் அவள் மனசை மாற்றிக்கொண்டாள், புல் வலப்பக்கம் இறங்கியது, இறங்கிய வேகத்தில் அவர்கள் இடப்பக்கமே போய்க்கொண்டிருந்தார்கள். சரிவு அவர்களுக்குத் தாய்வீடு, ஆனால் தாய்வீடு நடுவழியில் திரும்பிக்கொண்டால் யாரால் என்ன செய்ய முடியும்? மைதானத்துக்குத் தெரிவதற்கு ஒரு நொடி முன்னால் டெல்பினுக்குத் தெரியும், மைதானத்துக்குத் தெரிந்த பிறகுதான் மற்றவர்களுக்குத் தெரியும், அந்த ஒரு நொடிக்குள்தான் அவள் வாழ்ந்தாள், அந்த ஒரு நொடிக்குள் ஒரு வீடு கட்டிக் குடியேறும் அளவுக்கு இடம் இருந்தது. ஐம்பத்திரண்டாவது நிமிஷம் மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல். கேலரியில் சிப்பித்துறைக்காரர்கள் கைதட்டக்கூட மறந்து, இருக்கையின் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் படகில் சாய்வது போலச் சாய்ந்துகொண்டிருந்தார்கள். எழுபதாவது நிமிஷம் இன்னொன்று, அது அந்தக் குதிகால் பாஸில் தொடங்கி, விங்கில் போய், திரும்பி அவள் இடதுகாலுக்கே வந்த கோல்.

பிரபாவதி கெட்டிக்காரி. இரண்டாவது கோல் விழுந்ததும் தன் பெண்களைக் கூப்பிட்டு வட்டமாக நிறுத்தி, அவ காலைப் பாக்காதீங்க, புல்லைப் பாக்காதீங்க, கண்ணைப் பாருங்க என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு டெல்பின் எந்தப் பக்கம் பார்த்தாலும் அந்தப் பக்கம் இரண்டு பேர் முன்கூட்டியே நின்றார்கள். பத்து நிமிஷம் ஒன்றும் நடக்கவில்லை. எண்பதாயிற்று, எண்பத்தைந்தாயிற்று. ஸ்கோர் இரண்டுக்கு இரண்டு, டிராவில் முடிந்தால் லீக்கில் குறைவாகக் கோல் வாங்கிய ஆனைக்கல்லுக்குத்தான் கோப்பை. பெஞ்சிலிருந்து தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பது தெரிந்தது.

டெல்பின் நடந்தாள். ஓடாமல் நடந்து, எதிரணியின் கோலுக்கு முன்னால், ஆஃப்சைடுக்கு ஒரு முழம் இப்பால், ஏழு ஆட்டத்தில் தன்னை நிறுத்தி வைத்த அதே இடத்தில் போய் நின்றாள். நாலு பேர் வந்து சூழ்ந்துகொண்டு அவள் முகத்தையே பார்த்தார்கள். கேலரியில் ஆண்ட்ரூஸுக்குப் பக்கத்தில் இருந்தவர், பாத்தியளா, கடைசியில் மடிக்குத்தான் வந்தா என்றார். இடம் அதுதான். ஆனால் இந்தத் தடவை அவளை யாரும் கொண்டுபோய் நிறுத்தவில்லை, நாலு பேரை ஒரு இடத்தில் கட்டிப் போட்டால் மைதானத்தில் வேறெங்கோ நாலு பேர் அளவுக்கு இடம் திறக்கும் என்று அவளாகக் கணக்குப் போட்டு வந்து நின்றாள். தங்கள் பக்கத்துக் கோலிலிருந்து கோல்கீப்பர் உதைத்த பந்து உயரத்தில் வந்தது. டெல்பின் கோலுக்கு முதுகு காட்டி, அதை நெஞ்சில் வாங்கிக் காலடியில் இறக்கினாள். இறக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

எங்கேயும் போக அவள் நினைக்கவில்லை. மைதானம் மட்டமாக இருந்திருக்க வேண்டும். நாலு பேரும் குழம்பி அவள் மூடிய இமைகளையே பார்த்துக்கொண்டிருக்க, அவள் காலடியில் புல் அசைந்தது. மெல்ல, பிறகு வேகமாக, இதுவரை அவள் சாய்த்த எந்தச் சாய்வையும்விடச் செங்குத்தாக, வலப்பக்கத்துக்கு இறங்கியது. இது தன்னுடையதில்லை என்று டெல்பினின் பாதத்துக்குத் தெரிந்தது. யாருடையது என்று தெரிந்துகொள்ள அவள் கண்ணைத் திறக்கவில்லை, தேவைப்படவில்லை, சரிவு இறங்குகிற பக்கமாகக் குதிகாலால் பந்தைத் தட்டிவிட்டாள்.

நடுக்கோட்டுக்குப் பின்னாலிருந்து மெற்றில்டா ஓடி வந்துகொண்டிருந்தாள். ஆறு வருஷமாகப் போகக் கூடாதென்று சொன்ன இடத்துக்கு, ஆறு வருஷமும் சேர்த்துவைத்த ஓட்டமாக, தலைமுடி அவிழ்ந்தது தெரியாமல் வந்தாள், பந்து அவளுக்கு முன்னால் பள்ளத்தைப் பார்த்து உருண்டது, அவளைப் பிடிக்க அங்கே ஒருத்தியும் இல்லை. வலது காலால் அடித்தாள். ஆனைக்கல் கோல்கீப்பர் சரியான பக்கம்தான் பாய்ந்தாள், ஆனாலும் பந்து அவள் விரலை இடித்துக்கொண்டு வலைக்குள் போனது.

மூன்றுக்கு இரண்டு. மிச்ச நிமிஷங்களைச் சிப்பித்துறைப் பெண்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொண்டு கழித்தார்கள். விசில் ஊதியதும் பிரபாவதி வந்து டெல்பினின் கையைக் குலுக்கி, நீங்க கண்ணை மூடினதும் ஆட்டம் முடிஞ்சதுன்னு நெனச்சிட்டேன் அக்கா என்றாள். நானுந்தான் என்றாள் டெல்பின்.

தலைவர் ததேயூஸ் பெஞ்சிலிருந்து எழுந்தார். அணி இருக்கும் என்று கழகத்தின் சார்பில் அறிவிப்பதற்காக, தொண்டையைச் சரிசெய்துகொண்டு, வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தாண்டி உள்ளே ஒரு காலை வைத்தார், வைத்ததும் மைதானம் அவரைக் கிழக்கே இழுத்தது. கிழக்கே மெற்றில்டா தன் மகள் உட்கார்ந்திருந்த கேலரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் நிமிர்ந்து இன்னொரு அடி வைத்தார், அது வடக்கே இழுத்தது, அங்கே கோல்கீப்பர் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்தது மேற்கே போனது. பதினான்கு பேரும் பதினான்கு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, மைதானம் காற்றில் உதறிய துணி மாதிரி பதினான்கு பக்கமும் இறங்கி ஏறிக்கொண்டிருந்தது, அதன் நடுவில் அவர் இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு நின்றார். டெல்பின் இருந்த இடத்துக்குப் போய்ச் சேர அவருக்கு வேறு வழி இருக்கவில்லை. முதலில் நின்ற பெண்ணிடம், நீ எங்கம்மா பாக்குற என்று கேட்டார், அவள் சொன்னாள், அவர் ஒரு அடி எடுத்து வைத்தார், அடுத்த பெண்ணிடம் திரும்பி, நீ எங்க போவணும் என்று கேட்டார்.